எண்ணாமல் விட்ட மூலைகள்

பிரிட்டோ,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நான்கு தரம் சொல்லிவிட்டு, "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இன்றைக்குக் கூரியரில் போட்டால் நாளை மாலைக்குள் சென்னைக்கு வந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். முழுதும் படி. நடுவில் கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. உன் அப்பாவிடம் நான் எழுதுவதைச் சொல்லவில்லை. சொன்னால், "கத்தார் போற புள்ளய இந்த நேரத்துல ஏன் கலங்கடிக்கற" என்பார். கலங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உனக்குப் பிடித்த கறிக்குழம்பு வைத்தேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. என்னடா என்று மூன்று தரம் கேட்ட பிறகுதான் சொன்னாய். நீங்கள் கட்டுகிற அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் முழுதாகக் கட்டி, எத்தனை பிளாக் கல் வேண்டும் என்று பட்டியல் எடுத்துக் கொடுத்தது நீ. அறைகளைப் பிரிக்கும் சுவர்களை எல்லாம் ஃபால்ஸ் சீலிங் உயரத்தோடு நிறுத்திவிட்டாய். நிஜத்தில் அந்தச் சுவர்கள் சீலிங்கைத் தாண்டி மேல் தளத்தின் அடி வரைக்கும் போகவேண்டும். ஒவ்வொரு சுவருக்கும் தலையில் இரண்டரை அடி எண்ணாமல் போய்விட்டது. நாலு மாடிக்கும் சேர்த்து ஏகப்பட்ட கல். இப்போது சைட்டில் கல் தீர்ந்துபோய் வேலை நிற்கிறது. பட்டியல்படி கல் வந்திருக்கிறது, பிறகு எங்கே போயிற்று என்று மேனேஜர் கத்தி, ஸ்டோர் கீப்பர்தான் வண்டியில் ஏற்றி வெளியே விற்றிருப்பார் என்று முடிவுகட்டி, அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். தப்பு உன்னுடையது என்று மாடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்த உனக்கு மட்டும்தான் தெரியும்.

நான், "போய்ச் சொல்லிடுடா" என்றேன். நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "ரிலீவிங் லெட்டர் இன்னும் கைக்கு வரலம்மா. அது இல்லாம கத்தார் கம்பெனில சேத்துக்க மாட்டாங்க. இப்போ போய் நான்தான் தப்புன்னு நின்னா எல்லாம் பேஜாராயிடும். அவருக்கு வேற எடத்துல வேலை கெடைக்கும்மா." நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். அம்மா ஒத்துக்கொண்டாள் என்று நீ நினைத்திருப்பாய். இல்லையடா. அந்தக் கடைசி வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டவள். அதுதான் எழுந்து போய்விட்டேன்.

1993-இல் ஐ.டி.ஐ.-யில் வரைவாளர் படிப்பு முடித்து, விழுப்புரத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் சேர்ந்தேன் என்பது உனக்குத் தெரியும். சேர்ந்த கதையை எத்தனையோ தரம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். "பொம்பளப் புள்ளய வெச்சிக்கினு சைட் வேலை எப்பிடி சார்?" என்று மற்றவர்கள் கேட்டபோது, "கோடு போடறதுக்கு மீசை எதுக்குய்யா?" என்று இன்ஜினியர் சார் கேட்டாராம். அந்த ஆபீஸில் நான்தான் முதல் பெண். சேர்ந்த இரண்டாம் மாதமே திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்குப் பிளானும் எஸ்டிமேட்டும் என்னையே போடச் சொன்னார். இது வரைக்கும்தான் உனக்குத் தெரியும். இதற்கு மேல் உன் அப்பாவுக்கே வெகுகாலம் தெரியாது.

வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நம்மைப் போல வேதக்காரர். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் போகிற வீடுதான். அதற்காக மனையடி சாஸ்திரம் பார்க்காமல் விட்டுவிடுவாரா? "சாமி வேற, மனையடி வேறம்மா" என்றார். ஹால் பதினாறுக்குப் பதினொன்று, படுக்கையறை பதினொன்றுக்குப் பத்து என்று எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். மனையடிக்கு அறையின் உள் அளவுதான் கணக்கு என்பது உனக்கும் தெரியும். சுவரின் உள்முகத்திலிருந்து எதிர்ச்சுவரின் உள்முகம் வரைக்கும். அவர் திருப்திக்காக நானும் பிளானில் உள் அளவுகளையே பெரிதாகப் போட்டேன். எஸ்டிமேட் போட உட்கார்ந்தபோது கண்ணுக்கு நேரே இருந்தது அந்த அளவுகள்தான். நெட்டுச்சுவரை வெளிமுகத்துக்கு வெளிமுகம் எடு, குறுக்குச்சுவரை உள்முகத்துக்கு உள்முகம் எடு, அப்போதுதான் மூலை ஒரு சுவரில் சேரும் என்று ஐ.டி.ஐ.-யில் எங்கள் மாஸ்டர் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் இரண்டையும் உள்ளளவாகவே பெருக்கினேன். இரண்டு சுவர் சந்திக்கிற முக்காலடிக்கு முக்காலடிச் சதுரம், அஸ்திவாரம் தொடங்கி மேலே வரைக்கும், எந்தச் சுவரிலும் சேரவில்லை. வீட்டுக்கு மூலையே இல்லாமல் செங்கல் எண்ணிக் கொடுத்தேன். இன்ஜினியர் சார் கூட்டலைச் சரிபார்த்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

வேலை எடுத்தவர் கோலியனூர் ஏழுமலை மேஸ்திரி. கதவு ஜன்னல் தலையில் வருகிற லிண்டலுக்கு மேல் சுவர் ஏறும்போது கல் தீர்ந்துவிட்டது. உடைசலுக்கென்று கூடுதலாகச் சேர்த்திருந்ததும் தீர்ந்துபோய், "இன்னும் ஆயிரத்து எரநூறு கல்லு இருந்தாத்தான் முடியும்" என்றார். வாத்தியாருக்குச் சந்தேகம். அந்தச் சமயம் பார்த்து மேஸ்திரி கோலியனூரில் தன் வீட்டில் ஒரு அறை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். யாரோ அதைப் போய் வாத்தியார் காதில் போட்டார்கள். அவர் ஆள் அனுப்ப, இன்ஜினியர் சாரும் நானும் பஸ் பிடித்துத் திண்டிவனம் போனோம். தெருவே வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. "என் கல்லு கோலியனூர்ல ஏறிக்கினு இருக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று வாத்தியார் கத்தினார். மேஸ்திரி, "என் வூட்டுக்கு நான் தனியா எறக்குன கல்லு வாத்தியாரே. சூளக்காரனக் கேளுங்க" என்றார். வாத்தியார் இன்ஜினியர் சார் பக்கம் திரும்பி, "உங்க எஸ்டிமேட் தப்பா?" என்று கேட்டார். சார் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு போட்டது. நான் செக் பண்ணேன். எங்க கணக்கு தப்பாவாது" என்றார்.

நான் அப்போது சுவரின் மூலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டு பக்கமிருந்தும் கல் மாறி மாறிக் கடித்துக்கொண்டு மேலே ஏறியிருந்தது. இந்த இடத்தை நாம் எந்தச் சுவரில் எண்ணினோம் என்று தோன்றியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எதிலும் எண்ணவில்லை என்று தெரிந்துவிட்டது. நிமிர்ந்தால் ஏழுமலை மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மணல் குவியலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கழுத்தை மட்டும் திருப்பினேன். அவர் கரண்டியையும் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டார். வாத்தியார் வேறு ஆளை வைத்து, வேறு கல் இறக்கி, வீட்டை முடித்தார். வீடு மந்திரிப்பு அன்றைக்குக் கட்டின மேஸ்திரிக்கு வேட்டி துண்டு கொடுத்து மரியாதை செய்வார்கள் இல்லையா, அந்தத் துண்டு அஸ்திவாரத்திலிருந்து லிண்டல் வரை கட்டியவருக்குப் போகவில்லை.

வேலை போய்விடும், இனி எந்த ஆபீஸிலும் பெண்ணைச் சேர்க்கமாட்டார்கள், அவருக்கென்ன, கைத்தொழில் இருக்கிறது, வேறு இடத்தில் வேலை கிடைக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மூன்று சில்லறைப் பொய்களைச் சொல்லி, நான்காவதாக, "ஒரு இடத்துல பேசாம இருந்துட்டேன் சாமி" என்று நைசாகச் சேர்த்தேன். சாமியார் சொன்ன செபங்களை முட்டிபோட்டுச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். முட்டி வலித்ததுதான் மிச்சம். அப்புறம் ஆபீஸில் யார் எஸ்டிமேட் போட்டாலும், "மூலைய எங்க எண்ணுன? காட்டு" என்று உயிரை எடுப்பேன். கெட்டிக்காரி என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரியும்.

2013-இல் நீ காலேஜ் லீவுக்கு வந்தபோது புது மென்பொருள் என்று லேப்டாப்பில் காட்டினாய். ஞாபகமிருக்கிறதா? "சுவத்த இழும்மா, கல்லு எத்தனைன்னு அதுவே சொல்லும்" என்றாய். நான் கோடு சுவரின் எந்த முகத்தில் ஓடுகிறது என்று கேட்டேன். நடுவில் வைக்கலாம், வெளிமுகத்தில் வைக்கலாம், உள்முகத்தில் வைக்கலாம், நாம்தான் சொல்லவேண்டும் என்றாய். மூலையை ஒரு தரம் எண்ணுகிறதா, இரண்டு தரம் எண்ணுகிறதா, விட்டுவிடுகிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் அதுவே பாத்துக்கும்மா" என்று சிரித்தாய். அப்போதே உன் காதைத் திருகியிருக்கவேண்டும். அதுவே ஒன்றும் பார்த்துக்கொள்ளாது, பிரிட்டோ. நீ எது வரைக்கும் கட்டினாயோ அது வரைக்கும்தான் எண்ணும். அன்றைக்கு அதை நான் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு வேறு அவசரம் இருந்தது. பீரோவில் சுருட்டி வைத்திருந்த திண்டிவனம் பிளானை எடுத்து வந்தேன். அந்த வீட்டை நீ சொல்லச் சொல்ல நானே இழுத்தேன், கோட்டை உள்முகத்தில் வைத்து, மூலைகளைச் சேர்த்து. பட்டியல் வந்தது. என் பழைய எஸ்டிமேட்டைக் கழித்துப் பார்த்தால் ஆயிரத்து இருநூறுக்கு ஒரு கை கூட, அவ்வளவுதான். மேஸ்திரி கண்ணால் பார்த்துச் சொன்ன எண். நான் அழுதேன். "ஏம்மா?" என்றாய். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றேன். அதுவும் பொய்தான்.

மறுநாள் அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிக் கோலியனூர் போனேன். மேஸ்திரி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டையை உரித்து முறத்தில் கடலையைச் சேர்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பேர் சொல்வதற்கு முன்பே, "எஸ்டிமேட் போட்ட பொண்ணுதானே? உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, "கல்ல நீங்க எடுக்கலங்க. நான்தான் மூலைய எண்ணாம வுட்டுட்டேன். அன்னிக்கே, அங்க நிக்கும்போதே எனக்குத் தெரியும்" என்றேன்.

"எனக்குந்தான் தெரியும்" என்றார் அவர். "மூல புடிச்சித்தானேம்மா கொத்து வேலையே ஆரம்பிக்கறோம்? எந்தக் கணக்குல மூல வுட்டுப்போச்சின்னு எனக்குத் தெரியாதா? நான் சொன்னா திருடன் பேச்சின்னு போயிடும். உன் வாயால வந்தாத்தான் செல்லும். நீ சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன். கூப்ட்டு ஆள் வரும்னு ஒரு வாரம் பையக்கூடப் பிரிக்கல."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். "இப்ப எதுக்கு வந்த? திருட்டுக் கல்லுல கட்ன ரூமுன்னு சொல்லி எம் பொண்ணுக்கு வந்த மாப்ள வூட்டுக்காரங்க எழுந்து போனாங்களே, அன்னிக்கு எங்க போயிருந்த? இருவது வருசம் கழிச்சி பேப்பர் தூக்கிக்கினு வர்றியே!" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அழுதுகொண்டே நின்றேன். அவரை யாரும் அடக்கவில்லை, அடக்கவும் கூடாது. அவர் பேசித் தீர்த்த பிறகு மேஸ்திரி எழுந்து சட்டையை மாட்டினார். "பேப்பர்ல இருக்குது இல்ல? அப்ப ஜல்தி கெளம்பு. திண்டிவனம் போவலாம். வாத்தியார் கண்ணு தெரியும்போதே படிக்கட்டும்" என்றார்.

வாத்தியாருக்கு எண்பதை நெருங்கும் வயது. பட்டியலை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "கம்ப்யூட்டர் சொன்னா சரியா?" என்று முறைத்தார். "கம்ப்யூட்டர் வேணாங்க, நீங்களே எண்ணுங்க" என்று பிளானை விரித்து, ஒவ்வொரு மூலையாக அவர் விரலைப் பிடித்து வைத்தேன். நாலாவது மூலையில் விரல் நின்றுவிட்டது. தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அரைமணி கழித்துக் கடைக்கவரோடு திரும்பி வந்தார். தெருவில் நின்றபடியே எதிர்வீட்டையும் பக்கத்து வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லோரும் வந்த பிறகு, "இந்த மனுசனத் திருடன்னு இதே எடத்துல சொன்னேன். அவரு எடுக்கல. நான்தான் தப்பு" என்று சொல்லி, வேட்டியைக் கையில் கொடுத்துத் துண்டைத் தோளில் போட்டார். "ஒரு துண்டுதானா வாத்தியாரே? இருவது வருசத்துக்கு நாலு போடலாமே" என்றார் மேஸ்திரி. அந்தத் துண்டைத் தோளிலிருந்து எடுக்காமலேயே விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸில் வந்தார். ஸ்டாண்டில் இறங்கி, "வர்றேம்மா" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவர் மனைவி இன்றைக்கும் என்னோடு பேசமாட்டார். மன்னிப்பைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அன்று ராத்திரி உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் படுத்தேன். அப்படித் தூங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

உன்னைத் திட்டுவதற்கு இவ்வளவு எழுதவில்லை, கண்ணு. சுவரைச் சீலிங்கோடு நிறுத்தியது பாவமில்லை. அறைக்குள்ளிருந்து பார்த்தால் அங்கேதான் சுவர் முடிகிறது, யாருக்கும் கண் ஏமாறும். எனக்கு மனையடித் தாள் கண்ணை மறைத்தது, உனக்குச் சீலிங் மறைத்தது. நீ அதை மறைத்து நான்கு நாள்தான் ஆகிறது. கம்ப்யூட்டரில் சுவரைப் பிடித்து மேல் தளம் வரை இழுத்தால் சரியாகிவிடும். எனக்கு அந்த வசதி இல்லை, கட்டின பெயரை இடித்துத்தான் கட்டவேண்டியிருந்தது. ரிலீவிங் லெட்டர் தாமதமாகலாம், கத்தாரே கைவிட்டுப் போகலாம். போகாது என்று நான் பொய் சொல்லமாட்டேன். போனால் போகட்டும், கை இருக்கிறது, படிப்பு இருக்கிறது, சோறு போட நாங்கள் இருக்கிறோம். நீயே அன்றைக்குச் சொன்னாய், வேறு இடத்தில் வேலை கிடைக்கும் என்று. அது உனக்கும் பொருந்தும்தானே? அவருக்குத் திருட்டுப் பட்டத்தோடு கிடைக்கவேண்டும், உனக்கு அது இல்லாமல் கிடைக்கும்.

வெறுங்கையோடு போய் நிற்காதே. முதலில் ஒரே ஒரு அறையை எடுத்து, தரையிலிருந்து மேல் தளத்தின் அடி வரை, பீம் வருகிற இடத்தைக் கழித்து, கையால் கணக்குப் போடு. அப்புறம் மாடலைத் திருத்தி அதோடு ஒத்துப் பார். ஒத்துவந்த பிறகு பழைய பட்டியல், புதுப் பட்டியல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரிண்ட் எடு. வித்தியாசமும் சைட்டில் குறைந்த கல்லும் ஒன்றாக இருக்கும். மேனேஜரிடம் அதைக் கொடுத்து, "இது என் தப்பு சார், அவரத் திரும்பக் கூப்புடுங்க" என்று சொல். நீட்டிப் பேசாதே. இந்தக் கடிதத்தைக் காட்டவேண்டுமென்றால் காட்டு, எனக்கு வெட்கமில்லை.

வியாழக்கிழமை காலை ரயிலில் நான் சென்னைக்கு வருகிறேன். நீ சொல்லும்போது பக்கத்தில் நிற்கமாட்டேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்று ஆகிவிடும். சைட் கேட்டுக்கு எதிரே எங்காவது ஒரு டீக்கடை இருக்கும், அங்கே உட்கார்ந்திருப்பேன். நீ கத்தாருக்குக் கிளம்ப இன்னும் எட்டு நாள் இருக்கிறது. எனக்கு இருபது வருடம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஆறேழு தரம் "ஸ்டோர் கீப்பர்" என்று சொன்னாய், ஒரு தரம்கூட அவர் பேர் சொல்லவில்லை. இந்நேரம் அவரும் பையைப் பிரிக்காமல்தான் வைத்திருப்பார். மேனேஜரிடம் சொல்லிவிட்டு நேரே என்னிடம் வா. அவர் பேர் என்ன, வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு வா. இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். போகிற வழியில் நல்ல துண்டாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

உன் அம்மா